விலையை எங்களிடம் கேளுங்கள்: வடுவூர் ஏரிக்கரையிலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், பறவைகள் சரணாலயங்களைச் சுற்றி நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் ‘கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். எனக்கு வடுவூர் ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில் ஐந்தே முக்கால் ஏக்கர் நிலம். எங்கள் ஊர் நில அளவில் ஒரு வேலிக்குக் கொஞ்சம் குறைவு. விட்டுக்கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன். 1999-ல் ஏரி சரணாலயம் ஆனது, 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஊருக்குப் பெருமைதான். ஆனால் சரணாலயத்தின் எல்லைக் கல் மனிதர்களுக்குத்தான் தெரியும். பறவை ஏரியில் குடியிருக்கும், சாப்பாட்டுக்கு எங்கள் வயலுக்கு வரும்.

எல்லாப் பறவையும் ஒன்றல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். நத்தைகுத்தி நாரை வந்தால் எனக்குச் சந்தோஷம். நத்தையைக் காலி செய்துவிட்டுப் போகும். அரிவாள்மூக்கனும் அப்படித்தான். சிறகி என்ற காட்டு வாத்து வேறு ரகம். பகலெல்லாம் ஏரியில் சாதுவாக மிதந்துகொண்டிருக்கும், ராத்திரி ஆனால் கூட்டமாக இறங்கும். நேரடி விதைப்புச் செய்த வயலில் அது ஒரு ராத்திரி இறங்கினால், காலையில் வயல் பானை செய்கிறவர் மிதித்துப் போட்ட மண் மாதிரி கிடக்கும். நீலத் தாழைக்கோழி இருக்கிறதே, அது நெல் தூரைக் கடித்து நடுவிலுள்ள வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிட்டுப் போகும். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடுகிற பணக்கார விருந்தாளி மாதிரி. இதற்கெல்லாம் நான் யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை, கேட்டதும் இல்லை. யாரும் என்னிடம் ‘உனக்கு எவ்வளவு ஆகிறது’ என்று கேட்டதும் இல்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2019 பிப்ரவரியில் மகளின் பிரசவத்துக்காக என் மனைவி அமெரிக்கா போனாள், துணைக்கு நானும் போனேன். கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோவுக்குப் பக்கத்தில் டேவிஸ் என்ற ஊர். பிள்ளை பிறந்த வீட்டில் ஆம்பளைக்கு என்ன வேலை? ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நாலு நாள் பார்த்துவிட்டு மருமகன், “மாமா, வாங்க, உங்களுக்கு நெல் வயல் காட்டுறேன்” என்று காரில் ஏற்றிக்கொண்டார். அமெரிக்காவில் நெல்லா என்று எனக்கு ஆச்சரியம். சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் மட்டும் ஏறக்குறைய ஐந்து லட்சம் ஏக்கரில் நெல் போடுகிறார்களாம். நாற்றும் இல்லை, நடவும் இல்லை. தண்ணீர் கட்டிய வயலில் விமானத்திலிருந்து விதையைத் தூவுகிறார்கள். வரப்பெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேர்.

நாங்கள் போனபோது அறுவடை முடிந்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. ஆனாலும் பல வயல்களில் தாளோடு தண்ணீர் நின்றது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் அங்கே வைக்கோலைக் கொளுத்திவிடுவார்கள். ஊரெல்லாம் புகை என்று 1991-ல் சட்டம் போட்டுப் படிப்படியாகக் குறைத்தார்கள். வேறு வழியில்லாமல் தாளை மடக்கி உழுது, குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் கட்டி மக்க வைத்தார்கள். அந்தத் தண்ணீருக்கு வாத்துகள் லட்சக்கணக்கில் வந்து இறங்கின. அந்தப் பள்ளத்தாக்கில் பழைய சதுப்பு நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு எப்போதோ அழிந்துவிட்டது. பறவைக்கு மிச்சம் இருந்தது நெல் வயல்தான்.

சிக்கல் எங்கே என்றால், ஜனவரி முடிந்ததும் விவசாயி தண்ணீரை வடித்துவிடுவார். உழவுக்கு நிலம் காய வேண்டும் அல்லவா? ஆனால் உள்ளான் வகைக் கரைப்பறவைகள் வடக்கே திரும்பிப் போகும் வழியில் இரை தேடி இறங்குவது அதற்குப் பிறகுதான். அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் நாலு விரற்கடை தண்ணீர் நின்றால் போதும். அதற்காக நிலத்தை விலைக்கு வாங்குவதா? கட்டுப்படியாகாது. ‘தி நேச்சர் கன்சர்வன்சி’ என்ற அமைப்பு 2014-ல் என்ன செய்தது என்றால், விவசாயிகளிடமே போய், “உங்கள் வயலில் கூடுதலாகச் சில வாரம் தண்ணீர் நிறுத்த எவ்வளவு கேட்கிறீர்கள்? எழுதிக் கொடுங்கள்” என்றது. பறவை பார்க்கிறவர்கள் ‘இ-பேர்ட்’ என்ற தளத்தில் பதிந்த எண்ணிக்கையை வைத்து, எந்த வாரம் எந்த இடத்தில் பறவை வரும் என்று கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகத்தார் கணித்திருந்தார்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தார்கள். பறவை வரும் இடத்தில் தண்ணீர் இல்லாத வாரம் எது என்று தெரிந்தது. அந்த வாரத்தை, அந்த வயலை மட்டும், கேட்ட விலை கட்டுப்படியானால் வாடகைக்கு எடுத்தார்கள். அந்த வருடம் கலிபோர்னியாவில் கடும் வறட்சி வேறு.

அந்த வயல்களில் எண்ணியபோது, அந்தப் பருவத்தில் அந்த வட்டார விவசாய நிலத்தில் அதுவரை பதிவானதிலேயே மிக நெருக்கமாகக் கரைப்பறவைகள் இருந்தன என்று பின்னால் ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. மருமகன்தான் படித்துச் சொன்னார்.

மருமகனோடு வேலை பார்ப்பவரின் தகப்பனார் அறுநூறு ஏக்கர் நெல் விவசாயி. (அங்கே அது நடுத்தரமாம். நான் என் ஏக்கரைச் சொல்லவில்லை.) அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினோம், மருமகன் நடுவில் மொழிபெயர்த்தார். அவர் ஒரு தடவை விலை எழுதிக் கொடுத்துத் தோற்றுப்போனாராம். பக்கத்து நிலத்துக்காரர் சொன்னதைக் கேட்டு உயர்த்தி எழுதிவிட்டாராம். அடுத்த தடவை ராத்திரி தனியாக உட்கார்ந்து, உழவு தள்ளிப்போவதால் என்ன நஷ்டம், மடையைப் பார்க்க ஆள் எத்தனை தடவை போக வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதினாராம். கிடைத்துவிட்டது. “எந்த வயலை எழுதினீர்கள்?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கை காட்டினார். எப்படியும் தாமதமாகத்தான் காயும் ஒரு தாழ்ந்த வயல்.

எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. எல்லா விவசாயிக்கும் ஒரே விலை என்று அறிவித்தால், தண்ணீர் கட்ட ஏற்ற இந்த வயலுக்கு அதிகமாகவும், நஷ்டம் கூடுதலாக வரும் வயலுக்குக் குறைவாகவும் போய்ச் சேரும். எந்த வயலில் என்ன ஆகும் என்பது வயல்காரனுக்கு மட்டும்தான் தெரியும். என் மேட்டு வயலில் தை மாதம் உளுந்து தெளித்தால் நன்றாக வரும். அதைத் தெளிக்காதே என்றால் நான் சண்டைக்கு வருவேன். வாய்க்கால் கோடியில் பள்ளக்கால் ஒன்றேகால் ஏக்கர் இருக்கிறது. அதில் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை உளுந்து தேறினால் அதிகம். அதைப் பறவைக்கு விடச் சொன்னால் பேரம்கூடப் பேசமாட்டேன். இந்த வித்தியாசம் அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கில் இல்லை, வேளாண்மை அதிகாரிக்கும் தெரியாது. ஏலம் விட்டால் தானாக வெளியே வந்துவிடும்.

ஏலம் என்றதும் பயப்பட வேண்டாம். ஏலச்சீட்டு கட்டாத வீடு நம் ஊரில் எத்தனை? யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குச் சீட்டு. அதாவது யார் குறைந்த பணத்துக்குச் சம்மதிக்கிறாரோ அவருக்கு. இதுவும் அந்த மாதிரி கீழே இறங்குகிற ஏலம்தான். ஆனால் சீட்டில் ஒரு கொடுமை உண்டு. முப்பது வருடம் சீட்டுக் கட்டியவன் என்பதால் சொல்கிறேன். அவசரக்காரன்தான் அதிகம் தள்ளுவான். ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் என்று வருகிறவன் லட்ச ரூபாய் சீட்டை எழுபதுக்கு எடுத்துப் போவான். வசதியானவன் கடைசிவரை இருந்து முழுசாக வாங்குவான். பறவை ஏலத்திலும் அதே நடந்தால், இருப்பதிலேயே ஏழை விவசாயி தன் வயலை அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுப்பான். அதைப் பாதுகாப்பு என்று சொல்லக்கூடாது.

இதற்கு இந்தோனேசியாவில் ஒரு வழி பார்த்திருக்கிறார்கள். சுமத்ரா தீவில் லாம்புங் மாகாணத்தில் சும்பர்ஜாயா என்ற மலைப்பகுதி. காப்பித் தோட்டங்களிலிருந்து மண் அரித்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிறது. சரிவில் மண்ணைப் பிடிக்கும் குழிகள் வெட்டுவது மாதிரியான வேலைகளுக்கு எவ்வளவு வேண்டும் என்று சிறு விவசாயிகளிடம் 2006-ல் மூடிய சீட்டில் கேட்டார்கள். 82 பேர் கலந்துகொண்டு 34 பேருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. ஒரே நாளில் கேட்டு முடித்துவிடவில்லை. பழக்கம் ஆகட்டும் என்று பல சுற்று விட்டார்கள், கடைசிச் சுற்றுதான் செல்லும். முக்கியமான விஷயம், விலையை முன்கூட்டி அறிவிக்காமல், ஏலத்தில் வந்ததை வைத்து ஜெயித்தவர்கள் எல்லோருக்கும் ஒரே விலை. உதாரணத்துக்கு, நான் ஏக்கருக்கு மூவாயிரம் எழுதினேன், இன்னொருவர் நாலாயிரம், வேறொருவர் ஐயாயிரம், அதோடு பணம் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கும் மேல்விலைதான் போகும். குறைத்து எழுதியவனுக்கு நஷ்டம் இல்லை. மறுநாள் டீக்கடையில் ‘உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு’ என்ற பேச்சும் எழாது. நம் ஊருக்கு இந்த மாதிரிதான் சரிப்படும்.

அப்புறம் கூட்டுச் சேர்வது. ஏரியில் மீன் ஏலம் விடும்போது எப்படி நடக்கும் என்று கிராமத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல்நாளே ஒரு வீட்டில் பேசி முடித்துவிட்டு, மறுநாள் ஒருவர் கேட்பார், மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்க அரசு 1985 விவசாயச் சட்டத்தின்படி, மண் அரிக்கும் நிலத்தில் பத்துப் பதினைந்து வருடம் சாகுபடி செய்யாமல் புல்லோ மரமோ வைக்க வருட வாடகை எவ்வளவு என்று விவசாயிகளிடமே கேட்டது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உள்ளே ஓர் உச்சவரம்பு. முதலில் அது யாருக்கும் தெரியாது. சில சுற்றுக்குள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பிறகென்ன, எழுதின விலையெல்லாம் உச்சவரம்பை ஒட்டியே நின்றன. 1990-களில்தான், இந்த நிலத்தால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன பலன், அதற்கு என்ன விலை என்று மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறினார்கள். 2007-ல் அந்தத் திட்டத்தில் மூன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல் இருந்தது.

ஆஸ்திரேலியாக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். விக்டோரியா மாநிலத்தில் 2001-ல் ‘புஷ்டெண்டர்’ என்று ஆரம்பித்தார்கள். தனியார் நிலத்தில் மிச்சமிருக்கும் இயற்கைக் காட்டுக்கு வேலி போட்டு மாட்டைத் தடுக்க வேண்டும், விழுந்த மரத்தை விறகுக்கு எடுக்கக்கூடாது, களையை எடுக்க வேண்டும். இதற்கு டெண்டர். அதிகாரி நேரில் வந்து நிலத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவார். ஆனால் தன் நிலத்துக் காட்டின் அருமை முழுவதும் நிலக்காரருக்குச் சொல்லப்படாது. தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவாரே! முதல் சோதனையில் நான்கு லட்சம் டாலர் செலவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே விலை என்று முன்கூட்டியே அறிவித்திருந்தால், அதே பலனுக்கு ஏறக்குறைய ஏழு மடங்கு ஆகியிருக்கும் என்று அவர்களே கணக்குப் போட்டார்கள். அவர்களே போட்ட கணக்கு என்பதால் நான் அதில் கொஞ்சம் தள்ளித்தான் எடுத்துக்கொள்கிறேன். மூன்று மடங்கு என்றாலும் சும்மாவா?

இதையெல்லாம் அப்படியே தூக்கிக்கொண்டுவந்து வடுவூரில் வைக்க முடியாது. நான் நேரடியாகப் பட்ட ஒன்றைச் சொல்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஒரு தை மாதம் பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் பள்ளக்காலுக்கு வந்தார். முப்பது நாற்பது நெடுங்கால் உள்ளான் நின்றது. ரத்தச் சிவப்பில் குச்சிக் கால், ஒவ்வொன்றும் தன் நிழல் மேலேயே அடி வைத்து நடந்தது. ஒரு சிறுமி, “தாத்தா, இதுக்குக் கால் வலிக்காதா?” என்று கேட்டாள். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அடுத்த வாரம் பிள்ளைகள் மறுபடி வருவார்கள் என்று வடிகால் பக்கத்து மடையைத் திறக்காமல் விட்டுவிட்டேன். எங்கள் பக்கம் வயலுக்கு வயல்தான் பாய்ச்சல், வயலுக்கு வயல்தான் வடிப்பு. மேல்வயல்காரர் தண்ணீர் என் வயல் வழியாகத்தான் இறங்க வேண்டும். அவர் அறுவடைக்கு முன்பே உளுந்து தெளித்திருந்தார். ஆறாம் நாள் அவர் வந்து ஒரு பிடிச் செடியைப் பிடுங்கி என் கையில் வைத்தார். இலை மஞ்சள், வேர் கறுத்து நூலாகக் கழன்றது. “அண்ணே, உங்க உள்ளானுக்கு என் உளுந்துதான் கிடைச்சுதா?” என்றார். நான் என்ன சொல்வது? ஒரு மூட்டை உளுந்து விலைக்கு வாங்கிக் கொடுத்துத்தான் சமாதானம் ஆனது. இரண்டு வருடம் அவர் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வரவில்லை.

கலிபோர்னியாக்காரர் தன் மடையைத் தானே திறப்பார், தானே மூடுவார். எங்களுக்கு அது நடக்காது. ஆகவே இங்கே ஏலம் கேட்க வேண்டியது தனி ஆள் இல்லை. ஒரு கிளை வாய்க்காலின் கோடியில் சேர்ந்தாற்போல் இருக்கும் ஏழெட்டுப் பேர் ஒரே சீட்டாக எழுத வேண்டும். பறவைக்கும் அதுதான் வசதி. அங்கொரு மா நிலம், இங்கொரு மா நிலம் என்று விட்டால் அது எதில் இறங்கும்?

இன்னொன்று, பணம் யார் கைக்குப் போகும்? எங்கள் பக்கம் பட்டாதாரர் ஒருவர், பாடுபடுகிறவர் ஒருவர். கோயில் நிலம், மடத்து நிலம் ஏராளம், சென்னையில் இருப்பவர்களின் நிலமும் நிறைய. குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு, பதிவு கிடையாது. ‘நில உரிமையாளருக்கு ஊக்கத்தொகை’ என்று அரசாணையில் எழுதினால், உளுந்து போவது குத்தகைக்காரருக்கு, பணம் போவது அடையாறுக்கு. அந்தப் பருவத்தில் வயலில் யார் கால் வைக்கிறாரோ அவர்தான் சீட்டு எழுத வேண்டும்.

என்ன வாங்க வேண்டும் என்பதிலும் நிதானம் தேவை. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு போர் போட்டுத் தண்ணீர் இறைத்துப் பறவைக்குக் கட்டுகிறேன் என்று ஒருவர் எழுதினால், அவருக்கு ஒரு ரூபாயும் தரக்கூடாது. நிலத்தடி நீரைக் கொன்று உள்ளானை வளர்ப்பதா? மழையிலும் கடைசி முறைத் தண்ணீரிலும் தானாகத் தேங்கி நிற்கும் பள்ளக்காலை வடிக்காமல் விடுவது, அதில் உளுந்து தெளிக்காமல் இருப்பது, பறவை மேயும் வயலில் குருணைப் பூச்சிமருந்து போடாமல் இருப்பது. இவை போதும். எந்த வாரம், எந்த இடம் என்பதற்குக் கணக்கு இங்கேயும் இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுத்து அதே ‘இ-பேர்ட்’ தளத்தில்தான் ஏற்றுகிறார்கள்.

காசு கொடுத்தால் பாசம் கெட்டுப்போகும் என்று சிலர் சொல்வார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிக்குப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அங்கே போய் யாரும் ஏலச்சீட்டை நீட்ட வேண்டாம். ஆனால் வேடந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவையைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டு 1798-லேயே கவுல் என்ற எழுத்து உறுதி வாங்கினார்கள். பாசம் இருந்தது, சரி. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயல் விளையும் என்ற கணக்கும் அதோடு இருந்தது. பறவையால் அவர்களுக்கு வரவு இருந்தது. எனக்கு யூரியா மூட்டையில் வருகிறது. அந்தப் பழைய வரவு அறுந்துபோன இடத்தில் புதிதாக ஒன்றை முடிந்து வைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மாவட்டம் முழுக்கத் திட்டம் எதுவும் வேண்டாம். வடுவூர் ஏரியைச் சுற்றி, முடிந்தால் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் உதயமார்த்தாண்டபுரத்திலும், ஒரு தை மாசிக்குச் செய்து பார்க்கட்டும். எங்கள் வாய்க்கால் கோடியில் பள்ளக்கால் ஏழு பேருக்குச் சேர்த்து ஒன்பது ஏக்கர். டீக்கடையில் வைத்துப் பேசிப் பார்த்தேன். ஆறு பேர் தலையாட்டினார்கள். அதில் இரண்டு பேர், பணம் வங்கிக் கணக்கில் ஏறின பிறகு மடையை மூடுவோம் என்றார்கள், நியாயம்தான். தை இருபதிலிருந்து மாசி கடைசிவரை, ஏக்கருக்கு மூவாயிரத்து ஐந்நூறு. இது என் சீட்டு. மூடி வைக்காமல் இப்படி உங்கள் பத்திரிகையில் போடச் சொல்வது ஏல விதிப்படி தப்புதான்.

ஏழாவது ஆள் அந்த உளுந்துக்காரர். அவரும் வருகிறேன் என்கிறார். ஆனால் அவர் விலை தனியாம், எழுதி உறையை ஒட்டிவிட்டாராம். எவ்வளவு என்று கேட்டால், “அதை உங்ககிட்ட எதுக்குண்ணே சொல்லணும்?” என்கிறார்.

இப்படிக்கு,
வடுவூர் ஏரிக்கரை விவசாயி ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.